நட்சத்திரத்தோடு நகரும் மோட்டார்: ராஸ்பெரி பையையும் ஸ்டெப்பர் டிரைவரையும் இணைத்த அனுபவம்

கேமராவை ட்ரைபாடில் நிறுத்தி, 50 எம்எம் லென்ஸ் மாட்டி, ஓரியன் பக்கம் திருப்பி இருபது வினாடி ஷட்டரைத் திறந்து வைத்தால் நட்சத்திரங்கள் புள்ளியாக விழாது, கோடாக விழும். பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற 23 மணி 56 நிமிடம் 4 வினாடி எடுக்கிறது. அதனால் வானம் வினாடிக்கு 15 ஆர்க்செகண்ட் (ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் ஒரு பங்கு) நகர்வதாக நமக்குத் தெரிகிறது. என் கேமராவின் ஒரு பிக்சல் 4 மைக்ரான். 50 எம்எம் லென்ஸில் அது வானத்தின் 16.5 ஆர்க்செகண்டைப் பிடிக்கிறது. ஓரியன் இடுப்புப்பட்டை போல வானத்தின் நடுக்கோட்டை ஒட்டிய நட்சத்திரம், ஒரு வினாடி கொஞ்சம் தாண்டியதுமே அடுத்த பிக்சலுக்குப் போய்விடும்.

வானத்தோடு சேர்த்துக் கேமராவையும் திருப்ப இதற்கென்றே டிராக்கர்கள் விற்கிறார்கள், விலை அதிகம். இரண்டு பலகை, ஒரு கீல், ஒரு திரெட் ராடு இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜார்ஜ் ஹேக் 1975-ல் வெளியிட்ட வடிவம் இது. கீலின் அச்சு துருவ நட்சத்திரத்தை நோக்கி இருக்க வேண்டும். மேல்பலகையில் கேமரா. ராடு சுற்றச் சுற்ற மேல்பலகை மெல்லத் திறக்கும். நம் ஊர் ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் 6 எம்எம் ராடில் ஒரு சுற்றுக்கு நட்டு 1 மில்லிமீட்டர் ஏறும். கீலிலிருந்து ராடு 228.5 மில்லிமீட்டர் தள்ளி இருந்தால், நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றினாலே பூமியின் வேகத்துக்கு ஈடாகிவிடும்.

நிமிடத்துக்கு ஒரு சுற்று என்பது மிக மெதுவான வேகம். அந்த வேலைக்கு ராஸ்பெரி பை ஜீரோ 2 டபிள்யூ என்கிற குட்டிக் கணினி, நீமா 17 ஸ்டெப்பர் மோட்டார், ஒரு டிரைவர் போர்டு ஆகியவற்றை இணைத்தேன். கல்லூரியில் படிக்கும் பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் கூடவே இருந்தான். முதல் தடவை தண்டு அசைந்ததுமே "அண்ணா, சுத்துது பாருங்க!" என்று குதித்தான். "சுத்துது தம்பி. ஒரு மணி நேரம் இதே மாதிரி சுத்துதான்னு பாப்போம்" என்றேன். மோட்டாரைச் சுற்ற வைக்க ஒரு மாலைப்பொழுது போதும். சீராக, மெதுவாக, சூடாகாமல், நடுவில் ஒரு ஸ்டெப்பைக்கூட விடாமல் சுற்ற வைப்பதில்தான் முழு வேலையும் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் ஒயரிங் படங்கள் பெரும்பாலும் முதல் வேலையோடு நின்றுவிடுகின்றன. இரண்டாவதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

டிரைவர் ஏன் வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ராஸ்பெரி பையின் ஒரு ஜிபிஐஓ காலிலிருந்து, அதாவது புரோகிராமால் இயக்கக்கூடிய காலிலிருந்து, அதிகபட்சம் 16 மில்லி ஆம்பியர்தான் எடுக்கலாம். மோட்டாரின் ஒரு காயிலுக்கு 700 மில்லி ஆம்பியராவது வேண்டும். பை ஒரு துடிப்பு அனுப்பும், டிரைவர் அதைப் பார்த்துக் காயில்களில் கரண்டை மாற்றும், தண்டு ஒரு ஸ்டெப் நகரும். ஒரு சுற்றுக்கு 200 ஸ்டெப். சென்னை ரிட்சி தெருவில் ஏ4988, டிஆர்வி8825, டிஎம்சி2209 என்கிற டிரைவர் போர்டுகள் மூன்றும் எளிதாகக் கிடைக்கும். மூன்றும் ஒரே அளவு, கால்களின் வரிசையும் ஏறக்குறைய ஒன்றே. இந்த 'ஏறக்குறைய' என்பதில் கவனம் வேண்டும்.

ஏ4988-ல் விடிடி என்று ஒரு கால் உண்டு. சிப்பின் லாஜிக் பகுதிக்கு மின்சாரம் அதன் வழியாகத்தான் போகிறது. பெரும்பாலான படங்கள் 5 வோல்ட்டில் ஓடும் ஆர்டுயினோ போர்டுக்காக வரையப்பட்டவை என்பதால் அங்கே 5 வோல்ட் என்று போட்டிருக்கும். பையில் அப்படிச் செய்யக் கூடாது. பையிலிருந்து வரும் துடிப்பின் வோல்டேஜ் விடிடி-யில் 70 சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் இந்தச் சிப் அதை 'உயர்' என்று எடுத்துக்கொள்ளும். 5 வோல்ட் கொடுத்தால் அந்த வரம்பு 3.5 வோல்ட். பை கொடுப்பதோ 3.3. சில போர்டுகள் அப்போதும் ஓடும். மேசையில் ஓடிய அதே போர்டு வெளியே எடுத்துப் போனதும் ஸ்டெப் விடும். விடிடி-யை பையின் 3.3 வோல்ட்டில், அதாவது முதல் பின்னில், இணைத்துவிட்டால் வரம்பு 2.3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும், சந்தேகமே இருக்காது. பையின் கால்கள் 5 வோல்ட்டைத் தாங்காது என்பதும் இந்த இடத்தில் நினைவில் இருக்க வேண்டும்.

டிஆர்வி8825-ல் விடிடி கால் கிடையாது. லாஜிக்குக்கான மின்சாரத்தை மோட்டார் சப்ளையிலிருந்து தானே தயாரித்துக்கொள்ளும். ஏ4988-ல் விடிடி இருக்கும் அதே இடத்தில் இதில் பழுதைச் சொல்லும் கால் இருக்கிறது. இன்னொன்று, இதன் ஸ்லீப், ரீசெட் கால்கள் இரண்டும் சும்மா விட்டால் கீழேயே, அதாவது 0 வோல்ட்டிலேயே, இருக்கும், டிரைவர் எழவே எழாது. இரண்டையும் சேர்த்து பையின் 3.3 வோல்ட்டில் கட்டிவிட வேண்டும். அதில் ஒரு லாபமும் உண்டு: பை அணைந்திருக்கும்போது டிரைவரும் தானே தூங்கிவிடும். பேட்டரி மட்டும் மாட்டியிருக்கிறது, பை இன்னும் எழவில்லை என்கிற நேரத்தில் மோட்டார் தானாக உதறுவது இதனால் நின்றுபோகும். ஏ4988-ல் ரீசெட் காலை அதன் பக்கத்திலேயே இருக்கும் ஸ்லீப்போடு இணைத்தால் போதும்.

அடுத்தது எனேபிள் கால். இது கீழே இருந்தால் டிரைவர் வேலை செய்யும், மேலே இருந்தால் ஓய்வு. பை பூட் ஆகிக்கொண்டிருக்கும்போது நம் புரோகிராம் இன்னும் ஓடத் தொடங்கியிருக்காது, கால்கள் எல்லாம் உள்ளீடாகத்தான் இருக்கும். ஜிபிஐஓ 0 முதல் 8 வரை உள்ளேயே ஒரு ரெசிஸ்டரால் மேலே, 3.3 வோல்ட் பக்கம், இழுக்கப்பட்டிருக்கும். 9 முதல் 27 வரை கீழே இழுக்கப்பட்டிருக்கும். எனேபிளை ஜிபிஐஓ 22-ல் கட்டினால், பை எழுந்து வரும் நேரம் முழுக்க மோட்டாருக்குக் கரண்ட் போய்க்கொண்டே இருக்கும். அதனால் நான் ஜிபிஐஓ 5-ஐ எடுத்தேன். பையின் உள்ளிழுப்பு சுமார் 50 கிலோ ஓம். டிஆர்வி8825-ன் எனேபிள் காலில் கீழே இழுக்கும் 100 கிலோ ஓம் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் கிடைப்பது 2.2 வோல்ட், அந்தச் சிப் 'உயர்' என்று ஏற்கும் எல்லைக்கோடு. ஆகவே வெளியே ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டரை எனேபிளுக்கும் 3.3 வோல்ட்டுக்கும் நடுவே சாலிடர் செய்துவிடுங்கள். கடையில் கேட்டால் சில்லறைக்குக் கிடைக்கும்.

ஸ்டெப்புக்கு ஜிபிஐஓ 17, திசைக்கு ஜிபிஐஓ 27 என்று வைத்துக்கொண்டேன். ஜிபிஐஓ எண்ணும் போர்டில் எண்ணி வரும் பின் எண்ணும் வேறு வேறு. 17 என்பது 11-ஆவது பின், 27 என்பது 13-ஆவது, 5 என்பது 29-ஆவது. ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்தால் இருட்டில் டார்ச் வெளிச்சத்தில் பார்க்க வசதி.

கிரவுண்டைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும். பையின் கிரவுண்டும் டிரைவரின் கிரவுண்டும் கட்டாயம் இணைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் துடிப்புக்கு அளவுகோலே இல்லை. டிரைவர் போர்டில் இரண்டு கிரவுண்ட் கால்கள் இருக்கும், ஒன்று லாஜிக்குக்கு, ஒன்று மோட்டார் சப்ளைக்கு. உள்ளே இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லி ஒன்றை மட்டும் இணைத்து விடுவார்கள். மோட்டார் பக்கத்து நெகட்டிவ் ஒயர் கழன்று, லாஜிக் பக்கத்துக் கிரவுண்ட் மட்டும் மாட்டியிருந்தால் என்ன ஆகும்? மோட்டாரின் கரண்ட் முழுவதும் பையின் மெல்லிய கிரவுண்ட் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பப் பார்க்கும். அதனால் மோட்டார் பக்கத்து நெகட்டிவை மட்டும் ஸ்க்ரூ டெர்மினலில் இறுக்கி, தடித்த ஒயரில், நேராகப் பேட்டரிக்குக் கொண்டுபோங்கள். ஜம்பர் ஒயரும் பிரட்போர்டும் சோதனைக்குச் சரி. மலை ஏறும் வண்டியின் டிக்கியில் குலுங்கி வரப்போகும் சாமானுக்கு ஜீரோ பிசிபி-யில், அதாவது துளைபோட்ட வெற்று போர்டில், சாலிடர்தான்.

மோட்டார் சப்ளைக் கால்களுக்கு மிக அருகில் 100 மைக்ரோ ஃபாரட், 35 அல்லது 50 வோல்ட் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர் ஒன்று இருக்க வேண்டும். "12 வோல்ட்தானே, சிப் அதைவிட அதிகம் தாங்குமே, எதற்கு?" என்று கேட்கத் தோன்றும். டிரைவர் போர்டில் ஏற்கெனவே சின்ன செராமிக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. பேட்டரியிலிருந்து வரும் நீளமான ஒயருக்கு ஒரு இண்டக்டன்ஸ், அதாவது கரண்ட் சட்டென்று மாறுவதை எதிர்க்கும் குணம், உண்டு. சுவிட்சைப் போட்ட கணத்தில் இவை இரண்டும் சேர்ந்து ஊசலாடி, வோல்டேஜ் ஒரு நொடிப்பொழுது சப்ளையைவிட வெகுவாக எகிறிவிடும். 12 வோல்ட் சப்ளையிலேயே இந்தச் சிப்புகள் இப்படிச் செத்துப்போவது உண்டு. பெரிய கெப்பாசிட்டர் அந்த எகிறலை விழுங்கிக்கொள்ளும். பிளஸ் மைனஸ் பார்த்துப் போடுங்கள்.

மோட்டாரிலிருந்து நான்கு ஒயர் வரும். எந்த இரண்டு ஒரே காயில் என்று கண்டுபிடிக்க நிறத்தை நம்ப வேண்டாம். தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மல்டிமீட்டரை கன்டின்யுட்டியில் வைத்துப் பார்த்தால் ஜோடி தெரிந்துவிடும். மீட்டர் கையில் இல்லையா, ஏதாவது இரண்டு ஒயரின் நுனியைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு தண்டை விரலால் திருப்பிப் பாருங்கள். தண்டு திடீரென்று கனத்தால் அந்த இரண்டும் ஜோடி. ஜோடி தப்பாகப் போனால் மோட்டார் சுற்றாமல் ஒரே இடத்தில் நடுங்கும். ஜோடி சரியாக இருந்து, ஒரு ஜோடி மட்டும் தலைகீழானால் எதிர்த்திசையில் சுற்றும், அவ்வளவுதான். மின்சாரம் ஓடும்போது மட்டும் மோட்டார் பிளக்கைப் பிடுங்கவே கூடாது. காயிலில் ஓடிக்கொண்டிருந்த கரண்டுக்கு வழி அடைபட்டதும் அது டிரைவரைத் துளைத்துக்கொண்டு போகும்.

கரண்ட் வரம்பை வைப்பதுதான் இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி. போர்டில் ஒரு குட்டித் திருகு இருக்கிறது. அதைத் திருப்பினால் விரெஃப் என்கிற ஒரு வோல்டேஜ் மாறும், அதை வைத்து டிரைவர் காயிலின் உச்சக் கரண்டை நிர்ணயிக்கும். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை கிரவுண்டில் வைத்து, சிவப்பு முனையை ஒரு முதலை கிளிப்பால் ஸ்க்ரூடிரைவரின் உலோகத் தண்டிலேயே கவ்விவிட்டால், திருகத் திருக எண் மாறுவது கண்முன் தெரியும். ஸ்க்ரூடிரைவர் பக்கத்துக் கால்களைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். டிஆர்வி8825-ல் மோட்டார் சப்ளை கொடுத்தால்தான் இந்த வோல்டேஜ் வரும்.

எவ்வளவு வைப்பது? ஏ4988-க்குக் கணக்கு: விரெஃப் = 8 × கரண்ட் × சென்ஸ் ரெசிஸ்டர் (காயில் கரண்டை அளக்கும் ரெசிஸ்டர்). அந்தச் சென்ஸ் ரெசிஸ்டரைக் கண்ணால் பார்க்க வேண்டும். சிப்பின் பக்கத்தில் கறுப்பாக இரண்டு பட்டைத் துண்டுகள் இருக்கும், அவற்றின் மேல் ஆர்100 என்றோ ஆர்050 என்றோ பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் படிக்கலாம். ஆர்100 என்றால் 0.1 ஓம், ஆர்050 என்றால் 0.05 ஓம், ஆர்068 என்றால் 0.068 ஓம். எனக்கு வேண்டியது 0.7 ஆம்பியர். ஆர்100 போர்டில் அதற்கு 0.56 வோல்ட் வைக்க வேண்டும், ஆர்050 போர்டில் 0.28 வோல்ட். ஒரே கடையில், ஒரே டப்பாவிலிருந்து எடுத்த இரண்டு போர்டுகளில் வெவ்வேறு ரெசிஸ்டர் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். எங்கோ படித்த 0.56-ஐ அப்படியே ஆர்050 போர்டில் வைத்தால் கரண்ட் இரு மடங்கு ஆகிவிடும், மோட்டாரில் பிறக்கும் சூடு நான்கு மடங்கு ஆகிவிடும். டிஆர்வி8825-ல் ஆர்100 ரெசிஸ்டர் இருந்தால் கரண்ட் என்பது விரெஃப்பைப் போல இரு மடங்கு, ஆகவே 0.35 வோல்ட். டிஎம்சி2209 போர்டுகளுக்குச் சொல்லப்படும் கணக்கு ஆர்எம்எஸ், அதாவது ஒருவகைச் சராசரிக் கரண்டுக்கானது, மற்ற இரண்டிலும் வருவது உச்சக் கரண்ட். 0.7 உச்சம் என்றால் ஆர்எம்எஸ் 0.5.

என் மோட்டாரின் மேல் 1.5 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. அதில் பாதிக்கும் குறைவாகக் கொடுப்பது ஏன் என்று தம்பி கேட்டான். 1.5 என்பது மோட்டார் தாங்கும் அளவு. நாம் அதைக் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. நிமிடத்துக்கு ஒரு சுற்று சுற்றி, 1 மில்லிமீட்டர் திரெட்டில் ஒரு கேமராவைத் தூக்க அந்த பலம் தேவையே இல்லை. 0.7-ல் ஓடும்போது சூடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. ஸ்டெப்பர் மோட்டார் நின்றுகொண்டிருந்தாலும் கரண்ட் எடுக்கும், சூடாகும். 3டி பிரிண்டரில் பிஎல்ஏ பிளாஸ்டிக்கில் அடித்த தாங்கியில் மோட்டாரை மாட்டியிருந்தால், அந்தப் பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியிலேயே இளகத் தொடங்கிவிடும். மோட்டார் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும், தண்டையும் ராடையும் இணைக்கும் கப்ளர் கோணலாகும், படத்தில் நட்சத்திரம் நெளியும். கைவைத்துப் பார்த்தால் இளஞ்சூடாக மட்டும் இருக்கிற அளவுக்குக் கரண்டை இறக்கிவிடுங்கள்.

இப்போது மைக்ரோஸ்டெப். ஒரு முழு ஸ்டெப்பைப் பதினாறாகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 3200. துல்லியத்துக்காகத்தான் இப்படிப் பிரிக்கிறோம் என்று பலரும் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சுற்றுக்கு வானம் 902 ஆர்க்செகண்ட் நகர்கிறது. அதை 200-ஆல் வகுத்தால் ஒரு முழு ஸ்டெப்புக்கு 4.5 ஆர்க்செகண்ட். என் பிக்சலே 16.5. முழு ஸ்டெப்பிலேயே துல்லியம் தேவைக்கு மேல் இருக்கிறது. ஆனால் முழு ஸ்டெப்பில் ஓட்டினால் வினாடிக்கு மூன்று தடவைக்கு மேல் மோட்டார் 'டக், டக்' என்று உதைக்கும், அந்த உதை பலகை வழியாகக் கேமராவுக்குப் போகும், நட்சத்திரம் வீங்கித் தெரியும். மைக்ரோஸ்டெப் அந்த உதையைக் கரைப்பதற்காக. அந்தக் கண்ணோட்டத்தில் பார்த்தால் டிரைவர் தேர்வும் மாறிவிடும்.

அதற்கு ஒரு சோதனை சொல்கிறேன், செலவே இல்லாதது. மோட்டார் தண்டில் 30 சென்டிமீட்டர் நீள ஈர்க்குச்சி ஒன்றைச் செல்லோடேப்பால் ஒட்டுங்கள். குச்சியின் நுனிக்குக் கீழே கிராஃப் தாளை விரியுங்கள். புரோகிராமில் ஒரு தடவை பட்டன் அழுத்தினால் ஒரு மைக்ரோஸ்டெப் என்று எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றாக அழுத்தி நுனி நிற்கும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். ஒரு மைக்ரோஸ்டெப்புக்கு நுனி 0.6 மில்லிமீட்டர் அளவு நகர வேண்டும். டிஆர்வி8825-ஐ 12 வோல்ட்டில் இப்படிச் சோதித்தபோது நுனி சில அழுத்தத்துக்கு அசையவே இல்லை, பிறகு ஒரே தாவாகத் தாவியது. பதினாறு புள்ளிகள் சம இடைவெளியில் வர வேண்டிய இடத்தில் நடுவே வெற்றிடமும் ஓரத்தில் கூட்டமும். காயிலின் இண்டக்டன்ஸ் குறைவாக, சப்ளை அதிகமாக இருக்கும்போது இந்தச் சிப்பால் மிகச் சிறிய கரண்டைப் பிடித்து நிறுத்த முடிவதில்லை. பூஜ்யத்தைக் கடக்கும் இடத்தில் வரும் மைக்ரோஸ்டெப்புகள் அப்படியே காணாமல் போகின்றன. 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய பிரச்சினை, காயில்களோடு தொடராக டயோடு போட்டுச் சமாளிப்பார்கள்.

டிஎம்சி2209-ல் அதே குச்சி, அதே தாள். புள்ளிகள் ஒழுங்காக வந்தன. இந்தச் சிப் ஒவ்வொரு ஸ்டெப்பையும் உள்ளே 256 பங்காகப் பிரித்து நிரப்பிக்கொள்ளும், சத்தமும் கேட்காது. மைக்ரோஸ்டெப் அளவைத் தேர்ந்தெடுக்கும் எம்எஸ்1, எம்எஸ்2 கால்கள் இரண்டையும் 3.3 வோல்ட்டில் கட்டினால் பதினாறில் ஒரு பங்கு. மோட்டார் சப்ளை 29 வோல்ட் வரை, நமக்கு 12 போதும். வேகமான வேலைகளுக்கு டிஆர்வி8825 நல்ல சிப்தான். மெதுவான வேலைக்குக் கொஞ்சம் காசு கூடப் போட்டு டிஎம்சி2209 வாங்குங்கள் என்பதே என் கருத்து.

அப்புறம் புரோகிராம். "லினக்ஸ் நிகழ்நேர இயங்குதளம் இல்லை, அதில் ஸ்டெப்பரை ஓட்ட முடியாது" என்று அடிக்கடி சொல்வார்கள். பாதி உண்மை. நம் வேகத்தில் வினாடிக்கு 53 துடிப்பு, ஒரு துடிப்புக்கு 18.75 மில்லிசெகண்ட். லினக்ஸ் வேறு வேலையில் மூழ்கி ஒரு துடிப்பை 10 மில்லிசெகண்ட் தாமதமாக அனுப்பினால் பிழை 0.15 ஆர்க்செகண்ட். பிக்சலில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. கெடுதல் வேறு இடத்தில் இருக்கிறது. 'துடிப்பு போடு, 18.75 மில்லிசெகண்ட் தூங்கு, திரும்பச் செய்' என்று எழுதினால், ஒவ்வொரு துடிப்புக்கும் தூங்கி எழுவதற்கும் கட்டளையை நிறைவேற்றுவதற்கும் ஆகும் நேரம் மேலே சேர்ந்துகொண்டே போகும். துடிப்புக்கு வெறும் 0.1 மில்லிசெகண்ட் என்றாலும் அது அரை சதவீதம். ஐந்து நிமிடப் படத்தில் ஒன்றரை பிக்சல் பின்தங்கிவிடும்.

ஆகவே புரோகிராம் கடிகாரத்தைப் பார்த்து ஓட வேண்டும். தொடங்கியதிலிருந்து எத்தனை வினாடி ஆயிற்று என்று பார்க்கும். அத்தனை வினாடிக்கு எத்தனை ஸ்டெப் ஆகியிருக்க வேண்டும் என்று கணக்கிடும். இதுவரை போட்டது அதைவிடக் குறைவென்றால் ஒரு துடிப்பு போடும். இரண்டு மில்லிசெகண்ட் தூங்கி எழுந்து மறுபடியும் பார்க்கும். ஒரு தாமதம் வந்தாலும் அடுத்த பார்வையில் ஈடுகட்டிவிடும், பிழை சேராது.

இந்த முறையில் இன்னொரு பெரிய நன்மை உண்டு. நேர் ராடு உள்ள டிராக்கரில் ராடு சீராக ஏறினாலும் பலகை சீராகத் திறக்காது. ராடு ஏற வேண்டிய உயரம் 228.5 × டேன் (டேன்ஜென்ட்) கோணம். சீரான வேகத்தில் சுற்றினால் 20 நிமிடத்தில் 45 ஆர்க்செகண்ட் பின்தங்கும், ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 20 ஆர்க்மினிட். இதைச் சரிக்கட்ட ராடை வளைத்து, பலகையைக் கூட்டி என்று பழைய ஆட்கள் பல வழி கண்டார்கள். நமக்கோ கணக்கில் ஒரு டேன் சேர்த்தால் முடிந்தது. எத்தனை ஸ்டெப் ஆகியிருக்க வேண்டும் என்கிற எண் நேரடியாகவே சரியாக வந்துவிடும். மரவேலையில் வரும் பிழையைக்கூட இதே இடத்தில் திருத்தலாம். கீலிலிருந்து ராடு வரை 228.5 வைக்க நினைத்து 229.2 வந்துவிட்டதா, அந்த 229.2-ஐயே கணக்கில் கொடுத்துவிடுங்கள். இதற்காகவே பை வேண்டும் என்பேன்.

கடிகாரம் என்று சொன்னேனே, அது சுவர்க்கடிகார நேரமாக இருக்கக் கூடாது. பை ஜீரோவில் பேட்டரி வைத்த கடிகாரம் கிடையாது. மலையில் எழும்போது பழைய நேரத்தைக் காட்டும், போனின் ஹாட்ஸ்பாட் கிடைத்ததும் சட்டென்று பல மணி நேரம் முன்னே குதிக்கும். புரோகிராம் அதை நம்பி ஓடினால், விட்டுப்போன ஸ்டெப்புகளைப் பிடிக்க மோட்டார் வெறிபிடித்தாற்போல் சுற்றும். பைத்தானில் முன்னே மட்டுமே போகும், ஒருபோதும் குதிக்காத மோனோடோனிக் கடிகாரம் தனியாக இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். ராஸ்பெரி பை 5 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதில் ஜிபிஐஓ-வை ஆர்பி1 என்ற தனிச் சிப் பார்த்துக்கொள்கிறது, அதனால் பழைய ஆர்பிஐ ஜிபிஐஓ, பிக்பியோ நூலகங்கள் ஓடாது. ஜிபிஐஓ ஜீரோ, எல்ஜிபிஐஓ ஓடும்.

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஜவ்வாது மலைக்குப் போவோம். காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிற மலை. அங்கே இருட்டு இன்னும் மிச்சம் இருக்கிறது. மின்சாரத்துக்கு யுபிஎஸ்-ல் வரும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி. காயிலில் 0.7 ஆம்பியர் ஓடுகிறதென்றால் பேட்டரியிலிருந்தும் அவ்வளவு போகும் என்று பயப்பட வேண்டாம். டிரைவர் கரண்டை வெட்டி வெட்டி விடுவதால் பேட்டரி கொடுப்பது அதைவிட மிகக் குறைவு. ராத்திரி முழுக்க ஓடும். பைக்கு 12 வோல்ட்டைக் குறைத்துத் தரும் ஒரு பக் கன்வர்ட்டர், அதை 5.1 வோல்ட்டில் திருகி, மீட்டரில் பார்த்த பிறகே பையை மாட்ட வேண்டும். வோல்டேஜ் 4.63-க்குக் கீழே இறங்கினால் பெரிய பை போர்டுகள் கண்டுபிடித்து எச்சரிக்கும், பை ஜீரோவில் அந்த வசதி இல்லை. வோல்டேஜ் இறங்க மெல்லிய யுஎஸ்பி கேபிள்தான் வழக்கமான காரணம்.

நம் ஊரில் துருவ நட்சத்திரம் மிகத் தாழ்வு. காவலூரில் அடிவானத்திலிருந்து 12.5 டிகிரி உயரம்தான். ஒரு புளியமரம் போதும், மறைத்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் 40, 50 டிகிரிக்கு வரைந்த மரச்சட்டம் நமக்கு ஒத்துவராது. கீல் கிட்டத்தட்டப் படுத்த நிலையில் இருக்கும்படி சட்டத்தை நாமே வரைய வேண்டும். திசை பார்க்கப் போனின் காம்பஸை எடுத்தால், அதை மோட்டாரிலிருந்து தள்ளி வைத்துப் பாருங்கள். மோட்டாருக்குள் நிரந்தரக் காந்தம் இருக்கிறது, முள் திரும்பிவிடும். அச்சு 1 டிகிரி தப்பினால் மோட்டார் எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும் நிமிடத்துக்குச் சுமார் ஒரு பிக்சல் நகர்ந்துவிடும். கூட வந்தவர்கள் சிலர் படம் நெளிந்ததும் டிரைவரைக் குறை சொல்வார்கள். நான் முதலில் கீலைத்தான் பார்ப்பேன்.

ஒரு மணி நேரத்தில் ராடு 61 சுற்று ஏறிவிடும், திரும்பக் கீழே இறக்க வேண்டும். மோட்டாரை வைத்தே வினாடிக்கு இரண்டு சுற்று என்று இறக்கப் பார்த்தால் வினாடிக்கு 6400 துடிப்பு வேண்டும். லினக்ஸ் இந்த இடத்தில் உண்மையாகவே கைவிடும். வைஃபையோ எஸ்டி கார்டோ குறுக்கிட்டு ஒரு மில்லிசெகண்ட் போனாலே மோட்டார் பிடியை விட்டுக் கத்தும். இதற்கு ராஸ்பெரி பை பிக்கோ போன்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலரிடம் துடிப்பு வேலையை ஒப்படைத்து, பை அதற்குச் சீரியலில் கட்டளை மட்டும் கொடுப்பது நல்ல வழி. எனக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. எனேபிளை மேலே தூக்கிவிட்டால் தண்டு தளர்ந்துவிடும், ராடின் மேல்நுனியில் ஒரு குமிழ் வைத்து விரலாலேயே சுற்றி இறக்கிவிடுகிறேன். நிதானமாகச் சுற்ற வேண்டும். வேகமாகச் சுழற்றினால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி டிரைவருக்குள் கரண்டைத் திருப்பி அனுப்பும்.

அடுத்து ராடின் உச்சியில் ஒரு லிமிட் ஸ்விட்ச் வைக்கப்போகிறோம், நட்டு முனையில் போய் முட்டாமல் இருக்க. ஒரு முனை கிரவுண்டில், இன்னொன்று ஜிபிஐஓ 6-ல். பையின் உள்ளிழுப்பே போதும் என்பார்கள். ஆனால் ஸ்விட்சின் ஒயர் மோட்டார் ஒயருக்குப் பக்கத்திலேயே ஓடுவதால் அதற்கும் வெளியே ஒரு 10 கிலோ ஓம் போட்டுவிடச் சொல்லியிருக்கிறேன் தம்பியிடம்.